சிமெண்ட் கட்டிக்குப் பாடிய வால்வு

ரியாஸ்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத வரவில்லை. நான் நலமாக இல்லை. மேடவாக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தாம்பரத்திலிருந்து கடிதமா என்று நீ சிரிப்பாய். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம், செல்போனை எடுத்தால் பேசிவிடலாம், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உன் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிடுகிறேன். மைக் செட் கடையில் உட்கார்ந்தால், வந்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்கக்கூட மறந்துபோகிறது. சோற்றைப் பிசைந்தால் பிசைந்துகொண்டே இருக்கிறேன். உன் நிக்காஹுக்குப் பந்தல்காரரையும் பிரியாணிக்காரரையும் தேடி அலைய வேண்டிய நேரத்தில், பிரமை பிடித்தவன் மாதிரி கடைவாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டு ஹாலில் இருக்கிற வால்வு ஆம்ப்ளிஃபையர் இரண்டு வருஷமாக ஸ்பீக்கரில் பாடவே இல்லை. அதன் எதிரில் தினமும் சாயந்திரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆஹா, ஓஹோ என்று நான் தலையாட்டியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் இது எனக்குத் தெரிந்தது. உனக்கு முன்னாலேயே தெரியும் என்பதும் அன்றைக்கே தெரிந்தது. காது போய்விட்டதே என்பது ஒரு பக்கம். இந்த இரண்டு வருஷத்தில் உன் அம்மாவோடு எனக்கு என்னவெல்லாம் போயிற்று, அதில் எதையாவது திரும்பப் பிடிக்க முடியுமா என்பதுதான் இப்போது என் கவலை.

படித்து முடித்ததும் இதை நஸ்ரீனிடமும் கொடு. நம் வீட்டுக்கு வாழ வருகிற பெண் மாமனார் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. சம்மந்தி வீட்டிலேயே மானம் போன பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவளும் படிக்கப்போகிறாள் என்பதால், உனக்குத் தெரிந்த சங்கதியையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் ஸ்பீக்கர் பெட்டியின் பின்னால் இரண்டு ஜோடி திருகுகள் இருக்கின்றன. கீழ் ஜோடி கனத்த சத்தம் தருகிற பெரிய வூஃபருக்கு, மேல் ஜோடி மேல்சத்தம் தருகிற சின்ன ட்வீட்டருக்கு. கீழே இருப்பதற்கு ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர், மேலே இருப்பதற்கு, பழைய ரேடியோவில் ஒளிர்கிற கண்ணாடி வால்வு வைத்த ஒரு ஆம்ப்ளிஃபையர் என்று ஜோடி போட்டேன். டிரான்சிஸ்டருக்குப் பிடி அதிகம். தபேலாவில் ஒரு தட்டு விழுந்தால் விழுந்த இடத்திலேயே நிறுத்தும், கொழகொழவென்று இழுக்காது. வால்வுக்கு அந்தப் பலம் கிடையாது. ஆனால் கம்பி வாத்தியமோ புல்லாங்குழலோ அதன் வழியாக வந்தால் ஒரு இதம் இருக்கும். அதனால் அடித்தளத்துக்கு அது, மேல்மாடிக்கு இது. இரண்டையும் ஒரே சி.டி. பிளேயரில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே அளவுக்குச் சத்தத்தைப் பெருக்காது. வால்வு ஆம்ப்ளிஃபையரில் இருக்கிற குமிழை எந்த இடத்தில் நிறுத்தினால் கீழும் மேலும் ஒரே ஆள் பாடுகிற மாதிரி சேரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நூல் குறைந்தால் பாட்டு மந்தமாகிவிடும், ஒரு நூல் கூடினால் காதில் ஊசி குத்தும். நீ பொத்தேரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது, "மீட்டர் வெச்சு அளந்துடலாமே அத்தா" என்று கேட்டாய். நான் என் காதைச் சுண்டிக் காட்டி, "இதைவிடவாடா உன் மீட்டர்?" என்றேன். நம் பரம்பரைக்கே உரிய கொழுப்பு அது.

அப்படிப் பேசியதற்கும் காரணம் இருந்தது. மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிற ஆயிரம் பேரில் என்னை மட்டும் ஏன் 'காது பாய்' என்று கூப்பிட்டார்கள்? சேலையூர் கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் நின்றபடியே, "வலது பக்கம் ரெண்டாவது பாக்ஸ்ல ட்வீட்டர் கிழிஞ்சிருக்கு, மாத்துங்க" என்று சொன்னவன் நான். பிரித்துப் பார்த்தால் கிழிந்திருக்கும். எனக்குப் படிப்பு கிடையாது, சொல்லிக்கொள்ளக் கட்டடமோ நிலமோ கிடையாது. ஊரில் எனக்கென்று இருந்த ஒரே பெயர் என் காது. அந்தக் காதைத்தான் ஹார்ன் ஸ்பீக்கருக்குக் கீழேயும் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயும் வருஷக்கணக்காக வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், பஞ்சு வைத்தால் தொழில் எப்படிச் செய்வது என்று சிரிப்பேன்.

ஜோடி போட்ட புதிதில் உன் அம்மா செய்த கிண்டல் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஊர்ல ஒருத்தி மேல இன்னொருத்தியைக் கட்டறாங்க. உங்க அத்தா ஒரே நாள்ல எனக்கு ரெண்டு சக்களத்தியைக் கூட்டியாந்துட்டாரு. ஒருத்தி சூடாகறதுக்கே நேரம் எடுத்துக்கறா, இன்னொருத்தி தொட்டாலே சில்லுனு கிடக்கறா." நீ சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாய். அவள் சமையலறையில் வேலை செய்துகொண்டே பாட்டையும் கேட்பாள், நடுநடுவே ஏதாவது சொல்வாள், நான் இங்கிருந்தே பதில் சொல்வேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே எங்கள் குடும்பமே அப்படித்தான் நடந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பேச்சு எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளில் நின்றிருக்காது. குமிழ் மாதிரி, ஒவ்வொரு நூலாகக் குறைந்திருக்க வேண்டும்.

குமிழை நான்தான் ஏற்றிக்கொண்டே வந்தேன். பழைய இடத்தில் வைத்தால் மந்தமாக இருக்கிறது, வால்வு பழசாகிவிட்டது என்று நினைத்தேன். புது வால்வு வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் அதுவும் மந்தமானது. சி.டி.யைத் திட்டினேன். கரண்டைத் திட்டினேன். நீ சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "அத்தா, மேல ரொம்பக் குத்துது, பல்லு கூசுது" என்றாய். "நாள் பூரா காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்தா எல்லாந்தான் குத்தும்" என்று உன் வாயை அடைத்தேன். அதோடு விட்டேனா? பள்ளிவாசலில் புதிதாக மாட்டிய மைக் சரியில்லை, பாங்கு சொல்வது தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று கமிட்டியில் போய்ச் சண்டை போட்டேன். காது பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாவம், நல்ல மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்கினார்கள். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் காது மடல் சூடாகிறது. இனி எந்த முகத்தோடு ஜும்மாவுக்குப் போவேன்?

உன் அம்மா மட்டும் எப்படித் தப்புவாள்? "வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே, பேசறதைப் பேசு" என்று எரிந்து விழ ஆரம்பித்தேன். நீ மேடவாக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் ஓய்ந்துவிட்டாள், பிள்ளையைத் தவிர என்னிடம் பேச அவளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினேன். அவளுக்கு இல்லாத பேச்சு எனக்கு மட்டும் எதற்கு என்று வீம்புக்கு நானும் வாயை மூடிக்கொண்டேன். சாப்பாடு, மாத்திரை, கடைச் சாவி, இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. சாயந்திரமானால் நான் நாற்காலியில் உட்கார்ந்து, என்னோடு பேசுவதற்கு இது போதும் என்று அந்த வால்வுகளின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ நிக்காஹ் பத்திரிகை கொடுக்க உன் மாமாவோடு ஆம்பூர்ப் பக்கம் போயிருந்தாய். நஸ்ரீனின் அத்தா, பல்லாவரத்திலிருந்து பஷீர் பாய், நம் வீட்டுக்கு வந்தார். தோல் பை வியாபாரத்தில் ஓய்வு கிடைத்ததும் அவருக்கும் பாட்டுக் கிறுக்கு பிடித்திருக்கிறது. யாரோ செய்து கொடுத்த வால்வு செட் ஒன்று வாங்கியிருக்கிறார், வீட்டில் ஏற்கெனவே டிரான்சிஸ்டர் செட் இருக்கிறது. "உங்க வூட்ல கீற மாதிரியே எனக்கும் ஜோடி சேத்துக் குடுங்க சம்மந்தி, நீங்கதான் காது பாயாச்சே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவரை என் நாற்காலியில் உட்கார வைத்து, வால்வு சூடாகும் வரைக்கும் ஒரு பிரசங்கமே செய்தேன். பிறகு சந்தூர் என்கிற கம்பி வாத்தியத்தின் சி.டி.யைப் போட்டேன். "கம்பி மேல குச்சி விழற அந்தச் சத்தத்தைக் கவனிங்க. அது டிரான்சிஸ்டர்ல வராது. அதுதான் வால்வு" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். மரியாதைக்காரர், சட்டென்று எதுவும் சொல்ல மாட்டார். "நல்லாத்தான் கீது சம்மந்தி. ஆனா கதவைச் சாத்திக்கினு பக்கத்து வூட்ல வாசிக்கிற மாதிரி கீதே, எனக்குத்தான் அப்டியா?" என்றார். நான் சிரித்தேன். "ரெண்டு பாட்டு போகட்டும், காது பழகிடும்" என்றேன். அவர் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல்பக்கம் காதை வைத்தார். அடுத்த பெட்டியிலும் வைத்தார். "இது பேசவே இல்ல சம்மந்தி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில், என் செட்டைப் பற்றி, நேற்று வால்வு வாங்கிய ஆள் சொல்வதா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னா சம்மந்தி இது? மேல ஒயரே மாட்டாம உட்டுக்கீறீங்க?"

போய்ப் பார்த்தேன். ட்வீட்டர் திருகுகள் மொட்டையாக இருந்தன, அவற்றின்மேல் தூசி படிந்திருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருகிற ஒயர்கள் செட்டுகளை அடுக்கியிருக்கிற ராக்குக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஜோடி ஒயரின் நுனியிலும் ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஈயம் வைத்து ஒட்டப்பட்டு, ஒட்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரியாஸ். ஒயர் தானாகக் கழன்றிருந்தால் மனசு ஒத்துக்கொண்டிருக்கும். எலி கடித்திருந்தாலும் சரி. இது யாரோ யோசித்துச் செய்த வேலை.

நஸ்ரீனுக்காகச் சொல்கிறேன். வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் மாட்டாமல் வெறுமனே ஓட்டக் கூடாது. அனுப்புகிற சக்தியை வாங்கிக்கொள்ள எதிரே ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு சிமெண்ட் ரெசிஸ்டரை மாட்டிவிட்டால் அந்தச் சக்தியையெல்லாம் அது வாங்கிச் சூடாகிக்கொண்டு கிடக்கும், சத்தம் வராது, ஆம்ப்ளிஃபையரும் பிழைக்கும். இதை அறிந்தவர்கள் நம் வீட்டில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போதாததற்கு, டேப்பைச் சுற்றி முடித்த இடத்தில் அதன் நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பின்னால் பிரிக்கிற ஆளுக்கு நகம் தேயக் கூடாது என்று அப்படி மடிக்கிற பழக்கம் நம் கடையில் உனக்கு மட்டும்தான் உண்டு. பார்த்த மாத்திரத்தில், இது என் பிள்ளையின் கை என்று தெரிந்துவிட்டது.

சந்தூர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வால்வுகள் அதுபாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தன. இரண்டு வருஷமாக அவற்றுக்குள் போன பாட்டு முழுவதும் ஒரு சிமெண்ட் கட்டியைச் சூடாக்கிவிட்டு முடிந்துபோயிருக்கிறது. நானோ, இப்போதுதான் ஒரு நிமிஷத்துக்கு முன்னால், அந்தச் சத்தத்தைக் கவனிங்க என்று ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். பஷீர் பாய் என் முகத்தைப் பார்த்தார். "டெஸ்ட்டுக்குத் தம்பி கழட்டி வெச்சிருக்கும் சம்மந்தி, மறந்துருக்கும். இதுக்குப் போயி மூஞ்சி இப்டி ஆயிட்ச்சே" என்று சொல்லி, அவசரமாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஷர்பத்கூட முழுசாகக் குடிக்கவில்லை. நல்ல மனிதர், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

திரும்பினால் உன் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நேராக என் முன்னால் வந்து நின்று, என் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துச் சொன்னாள்.

"பையனைத் திட்டாதீங்க. ஒயரைப் புடுங்கினது நான்தான்."

"நீயா?"

"நான்தான். தலைவலி உயிர் போவுது. குறைங்க குறைங்கன்னா, உனக்கு என்ன தெரியும்னு கத்தறீங்க. ரெண்டு வருஷம் முந்தி ஒரு நாள் புடுங்கி விட்டேன். சாயந்திரம் வந்து உக்காந்ததும் கண்டுபிடிச்சு வூட்டையே ரெண்டாக்குவீங்க, அப்ப நாலு வார்த்தை கேக்கலாம்னு இருந்தேன். நீங்க உக்காந்தீங்க. கேட்டீங்க. எழுந்து என்கிட்ட வந்து, இன்னிக்குத்தான் ஜோடி சரியா சேந்துச்சுன்னு சொன்னீங்க. மாஷா அல்லாஹ்னு வேற சொன்னீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எப்படிங்க சொல்றது? ஊரே காது பாய்னு கூப்பிடுது. உங்ககிட்ட போயி உங்களுக்குக் காது கேக்கலைன்னு நான் சொல்லணுமா? ரியாஸ்கிட்ட சொல்லி அழுதேன். அவன்தான் வந்து பாத்துட்டு, இப்படியே விட்டா செட்டு எரிஞ்சிடும்மான்னு அந்தக் கட்டியை வெச்சான்."

நான் நம்பவில்லை. இவர்கள் ஏதோ மாற்றிச் சொல்கிறார்கள், காது அவ்வளவு மோசமாக இருக்க முடியாது என்று ஒரு முரட்டுத்தனம் வந்தது. ரெசிஸ்டரை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு ஒயரையும் சீவி, ட்வீட்டரில் மாட்டினேன். குமிழ் கடைசியாக நான் விட்ட இடத்திலேயே இருந்தது. அதே சந்தூரைப் போட்டேன். கொஞ்சம் ஏதோ வித்தியாசம் இருந்தது, இல்லாமல் இல்லை. மெல்லிய திரையை விலக்கிய மாதிரி, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சொல்லத் திரும்பினேன். உன் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் துணியோடு நம் ஜன்னலையே பார்த்தாள். எனக்கு மெல்லிய திரை. அவர்களுக்கு அது என்னவாக இருந்ததோ! பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். அந்த முகம் என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. இவ்வளவு வருஷம் அவளோடு குடித்தனம் செய்கிறேன், இப்படி அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனையோ, நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அவள் கையை எடுத்துவிட்டு மறுபடியும் என் எதிரில் வந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. "நீ ஏன் ஒவ்வொரு தடவையும் எதிர்ல வந்து நிக்கறே?" என்று கேட்டேன். "உள்ளேருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சுங்க. வாயைப் பாத்தாத்தான் உங்களுக்குப் புரியுது. அதைக்கூடவா நீங்க கவனிக்கல?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. வயசான காலத்தில் பாசம் கூடிவிட்டது, பக்கத்தில் பக்கத்தில் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பேசாமல் இருக்கவே இல்லை. அந்தச் சமையலறையிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். பதில் வராமல் போகப்போக, பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நடந்து வந்து எதிரில் நின்று சொல்கிற அளவுக்கு முக்கியமான சங்கதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டிருக்கிறாள். அந்த மற்றதுதானே குடித்தனம்?

உன்மேல் எனக்கு வந்த கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடக் கூடாது என்று யோசித்து, சரியான அளவில் ரெசிஸ்டர் தேடி வாங்கி, பிரிக்கிறவனுக்குக் கஷ்டமில்லாமல் டேப் நுனியை மடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அத்தாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உன் கம்பெனியில் குடும்பத்தாருக்கெல்லாம் இலவசப் பரிசோதனை, காது, கண் எல்லாம் பார்க்கிறார்கள் என்று சிறுசேரிக்குக் கூப்பிட்டாய். "என் காதை டெஸ்ட் பண்ண எவன் பொறந்திருக்கான்?" என்று கேட்டு, உன் அம்மா எடுத்து வைத்த சட்டையைத் தூக்கி எறிந்தவன் நான். நீ அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை வாய் திறக்கப் பார்த்தாய், நான் குரலை உயர்த்தினேன். நீயும் உன் அம்மாவும் எனக்குப் பயந்து, என்மேல் இரக்கப்பட்டு, ஒளிந்து ஒளிந்து ஒரு சிமெண்ட் கட்டியை வைத்து வீட்டைச் சமாளித்திருக்கிறீர்கள். இதில் யாரைத் திட்டுவது?

நீ குடித்தனம் ஆரம்பிக்கப்போகிறாய். அதற்காக ஒன்றே ஒன்று சொல்கிறேன். எந்த வீட்டிலும் ஒருத்தருக்குத் தாங்காமல் ஒரு நாள் ஏதாவது ஒயரைக் கழற்றத்தான் செய்வார்கள். நஸ்ரீன் கழற்றினால் அன்று சாயந்திரமே உன்னிடம் வந்து, நான்தான் கழற்றினேன் என்று சொல்கிற மாதிரி நீ இரு. அவள் சொல்லும்போது கத்தாதே. எனக்குத் தெரியாததா என்று ஆரம்பிக்காதே. ஜோடி போடுகிறவன் நாற்காலியில் தான் ஒருவனாக உட்கார்ந்துகொண்டு குமிழைத் திருப்பக் கூடாது, சமையலறையில் இருக்கிறவளிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இது தெரியாமல்தான் நான் ஊர் முழுக்க ஜோடி சேர்த்துக் கொடுத்தேன். பஷீர் பாய்க்கு மட்டும் நீயே போய் மீட்டர் வைத்து அளந்து கொடுத்துவிடு. நான் வந்தால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவும் நானும் குரோம்பேட்டையில் காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனோம். உன் வயசுகூட இருக்காது, அந்தப் பெண் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். ஆரம்பத்தில் அழுத்தினேன். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் விரல் மட்டும் இயந்திரத்தில் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் போய்க்கொண்டேதான் இருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்று அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. வெளியே வந்ததும் ஒரு படம் காட்டினாள். கோடு பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. "மேல் சத்தம்தான் சார் போயிருக்கு. ஆம்பளைங்க குரல் உங்களுக்கு ஓரளவு கேக்கும். லேடீஸ் குரல், குழந்தைங்க குரல்தான் முதல்ல தெளிவு போயிடும். சத்தம் வரும், வார்த்தை புரியாது. அவங்க முணுமுணுக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பத் தைரியம் இல்லை.

போனது திரும்பாது, இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லி, பார்ப்பதற்காக ஒரு மிஷினை என் காதில் மாட்டினாள். எங்கிருந்தோ சருகு மிதிபடுகிற சத்தம் வந்தது. பார்த்தால் அவள் மேஜையில் காகிதத்தைப் புரட்டுகிறாள். மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா என்று அண்ணாந்து பார்த்தேன். "அம்மா, நீங்க சார் பின்னாடி நின்னு ஏதாவது பேசுங்க. மெதுவா, சாதாரணமா பேசற மாதிரியே பேசுங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "ராத்திரிக்கு தோசை ஊத்தவா, சப்பாத்தி போடவா?" என்று கேட்டது.

வார்த்தைக்கு வார்த்தை தெளிவாகக் கேட்டது, ரியாஸ். ஆனால் அது உன் அம்மாவின் குரல் இல்லை. கம்மிப்போய், நடுவில் லேசாக மூச்சு வாங்கி, கடைசியில் நடுங்கி முடிகிற குரல். யாரோ வயசான அம்மா அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து இடம் கொடுக்கத் திரும்பினேன். உன் அம்மா மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது பழைய குரல். சரியாகக் கேட்காத இடத்தையெல்லாம் என் மனசு தானாக அந்தக் குரலை வைத்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் என் பக்கத்திலேயே கிழவியாகியிருக்கிறாள், எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண்ணின் முன்னாலேயே அழுதுவிட்டேன். உன் அம்மா பயந்துபோய், வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டாள். அதுவும் அந்தக் குரலில்தான்.

மிஷின் வருகிற வாரம் கைக்கு வந்துவிடும். அதற்கு அடுத்த நாள் நீ வீட்டுக்கு வா. வேலை இருக்கிறது என்று சொல்லாதே. வந்து என் எதிரில் நிற்காதே, தோளைத் தொடாதே, குரலை உயர்த்தாதே. ஹாலில் எங்கேயாவது உட்கார்ந்து உன் அம்மாவோடு உன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு. என் பிள்ளைக்கு இப்போது என்ன குரல் என்று எனக்குத் தெரியாது.

உன் அத்தா